செயினுக்கு எந்த எண்ணெய்? தடைக்காலத்துச் சைக்கிள்களின் கதை

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது, மின்சாரம் நின்றது, பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. அன்று தொடக்கம் 1995 இறுதி வரை குடாநாட்டின் பெரும் பாரத்தைச் சுமந்தது துவிச்சக்கர வண்டிதான். விறகும் அரிசி மூடையும் நோயாளியும் அதிலேயே போயினர். மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களைப் பற்றியும், டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதைப் பற்றியும் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சைக்கிள்களின் செயினுக்கு எதை விட்டு ஓட்டினோம் என்பதும் பதிவாக வேண்டிய விடயமே.

அதை விளங்கிக்கொள்வதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். சுவிற்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்ரரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனோல்ட் 1880 இல் புஷ் உருளைச் செயினை உருவாக்கினார். ஐந்து ஆண்டுகளின் பின் கொவென்றியில் ஸ்ரார்லியின் 'ரோவர்' சைக்கிள் வந்தது. பின்சில்லைச் செயினால் இழுக்கும் அந்த அமைப்பே இன்றும் நம் முற்றத்தில் நிற்கிறது. அதன் செயினில் நூற்றுக்கு மேற்பட்ட ஆணிகள் உண்டு. ஒவ்வொன்றும் தன் குழலுக்குள் உராய்கிறது. எண்ணெய் தேவைப்படுவது அங்கேதான், வெளியே அல்ல. வெளியே பூசியது மண்ணைப் பிடிக்கும். மண்ணும் எண்ணெயும் சேர்ந்தால் அது அரத்தூள்.

வூல்வர்ஹம்ப்ரன் நகரில் சன்பீம் சைக்கிள்களைச் செய்த ஜோன் மார்ஸ்ரன் செயினை முழுவதுமாக மூடி, உள்ளே எண்ணெய்த் தொட்டி வைத்தார். 1894 இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் ஜோர்ஜ் கோல் என்பவர் சைக்கிளுக்கென்றே ஒரு மெல்லிய எண்ணெயைக் கலந்து விற்றார். துடைக்கும், வழுக்கும், துருவைத் தடுக்கும் என்ற மூன்று பணிகளாலேயே அதற்குத் 'திறீ இன் வண்' என்று பெயர். நம் வீடுகளில் தையல் இயந்திரத்துக்கு விட்ட எண்ணெயும் இந்த மெல்லிய இனத்தைச் சேர்ந்ததுதான்.

தடைக்காலத்தில் இவ்வகை எண்ணெய்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. எஞ்சின் ஒயில் கிடைத்தாலும் அதன் விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாதது. சைக்கிள் கடைகளில் கழிவொயில் கொஞ்சம் கிடைத்தது. எஞ்சினில் எரிந்து கறுத்த அந்த ஒயிலில் நுண்ணிய உலோகத் துகளும் கரியும் கலந்திருக்கும். செயினை அது காப்பதிலும் தேய்ப்பதே அதிகம். ஆனாலும் விட்டோம். எஞ்சியது சமையலறை.

நல்லெண்ணெய் விட்டவர்கள் சில வாரங்களில் வருந்தினார்கள். அது காற்றுப்பட்டு மெல்லமெல்லப் பிசினாகும் இனம். பிசின் பிடித்த செயினை மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும். அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் துளியாக எண்ணப்பட்ட பொருள், இரவில் விளக்கெரிக்க வேண்டியது. கழுவினாலும் ஆணிக்குள் இருந்த மிச்ச எண்ணெயும் போய்விடும்.

தேங்காயெண்ணெய் இதனிலும் நல்லது. அதன் கொழுப்பில் ஏறக்குறைய 90 வீதம் நிறைவுற்றது. ஆகவே காற்றில் எளிதில் கெட்டு இறுகாது. மெல்லியது, ஆணிக்குள் இறங்கும். குறையும் உண்டு. 24, 25 பாகை செல்சியசில் உறையத் தொடங்கும். மார்கழி விடியற்காலையில் போத்தலிலே வெள்ளையாக இறுகியிருக்கும். மழை பெய்தால் விரைவில் கழுவுண்டு போகும். அத்துடன் அது கறிக்கும் வேண்டும், தலைக்கும் வேண்டும், சில வீடுகளில் விளக்குக்கும் வேண்டும். செயினுக்கு விட்ட ஒவ்வொரு துளியும் வேறெங்கோ குறைந்த துளி.

ஆமணக்கெண்ணெய் தடித்தது, ஒட்டிப்பிடிப்பது. முதலாம் உலகப் போரில் விமானங்களின் சுழல் எஞ்சின்கள் இந்த எண்ணெயிலேயே ஓடின. 'காஸ்ரோல்' என்ற பெயரும் அதன் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததே. செயினில் அது மழைக்குத் தாங்கும், ஆனால் வலிகாமத்துச் செம்மண் புழுதியை அப்படியே வாரி எடுக்கும்.

அனுபவசாலிகளான திருத்துநர்கள் சொன்னது எளிமையானது: எதை விட்டாலும் ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு துளி, பெடலைப் பின்புறமாகச் சுழற்று, பிறகு பழந்துணியால் வெளியே முழுவதும் துடைத்துவிடு. இன்று கனடாவிலும் ஜேர்மனியிலும் விற்கப்படும் சிறு போத்தல்களின் அறிவுறுத்தலும் இதுவே. அங்கே மழைக்கு ஒன்று, புழுதிக்கு ஒன்று, மெழுகில் ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். துருப்பிடித்த ஆணியைக் கழற்றும் தெளிப்பானைச் செயினுக்கு அடித்துவிட்டு இருப்பவர்களையும் கண்டிருக்கிறேன். அது பழைய எண்ணெயையும் கரைத்துவிடும். தான் விட்டுச்செல்லும் படலமோ மிக மெல்லியது. நீண்ட பயணத்துக்கு அது போதாது.

புதுச் செயின் அரிதான அக்காலத்தில் தேய்மானத்தை அளப்பதும் ஒரு கலையாயிற்று. 24 ஆணி இடைவெளிகள் சரியாக ஓர் அடி வரவேண்டும். அடிமட்டத்தை வைத்துப் பார்க்கும்போது எட்டிலொரு அங்குலம் கூடினால் செயின் தேய்ந்துவிட்டது. 'செயின் இழுபட்டுப் போச்சுது' என்போம். உண்மையில் தகடு நீளவில்லை, ஆணியும் குழலும் உள்ளே தேய்ந்தன. புதியது இல்லாதவர்கள் இரண்டு கண்ணிகளைக் கழற்றி இறுக்கி ஓட்டினார்கள். அதனால் தொய்வு தீரும். ஆனால் பற்சில்லின் பற்கள் சேர்ந்து தேய்வது தீராது.

1995 ஒக்ரோபர் 30 இரவில் வலிகாமம் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது மழை கொட்டியது. சனநெருக்கத்தில் சைக்கிளை ஏறி ஓட இடமில்லை. கைபிடியில் பையும் பின்னால் மூட்டையும் அதன்மேல் பிள்ளையுமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். சில நாட்களின் பின் தென்மராட்சி ஒழுங்கைகளில் எங்கு பார்த்தாலும் செந்துருச் செயின்களின் கிறீச்சொலி. அங்கேயும் தேங்காயெண்ணெய்தான், அதுவும் கிடைத்தவர்களுக்கு.

2002 இல் ஏ-9 பாதை திறந்தபின் ஒயில் போத்தல்கள் லொறியில் வந்து இறங்கின. மோட்டார் சைக்கிள்களும் கூடவே வந்தன; சைக்கிள்கள் பல கொட்டிலுக்குள் போயின.