விளையாட்டு சலித்த பிறகு: ஷத்ரஞ்ச் முதல் பப்ஜி வரை ஒரு வரலாற்றுப் பார்வை

கடந்த ஷவ்வாலில், பெருநாள் விடுமுறை முடிந்த ஒரு மாலை. மஃரிப் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தோம். சிறுவயதில் நம்மிடம் மக்தபில் ஓதிய மாணவர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். இப்போது கல்லூரியில் பயில்கிறார். தந்தைக்கு ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை. அண்ணன் சில ஆண்டுகளாகச் சவூதியில் இருக்கிறார். சிறிது தயங்கிவிட்டுக் கேட்டார்: “ஹஜ்ரத், அந்தச் சுடுகிற ஆட்டங்கள் எல்லாம் எனக்குச் சலித்துவிட்டன. ஆனால் அண்ணனோடு சேர்ந்து விளையாட ஏதாவது ஒன்று வேண்டும். எதைத் தேடுவது என்றுதான் தெரியவில்லை.”

“சலித்துவிட்டதா? அல்ஹம்துலில்லாஹ்! இனி ஆட்டமே வேண்டாம்” என்று சொல்லத்தான் நாவு எழுந்தது. ஆனால் 2020-ஆம் ஆண்டின் நினைவு ஒன்று நம்மைத் தடுத்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள், மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. அவற்றில் ‘பப்ஜி மொபைல்’ ஒன்று. பொதுமுடக்கக் காலம் அது. மக்தப் பாடங்களை நாமே கைபேசி வழியாக நடத்திக்கொண்டிருந்தோம். தடைச் செய்தி வந்ததும், பாடத்தின் நடுவே மகிழ்ச்சியோடு அதை அறிவித்தோம். “ஃபித்னா ஒழிந்தது” என்றே சொன்னதாக நினைவு. திரையில் தெரிந்த முகங்களுள் ஒன்று மட்டும் வாடிப்போயிற்று. ஃபஜ்ருக்கு எழுவதில்லை என்று அதற்கு முன் பலமுறை நாம் கண்டித்த சிறுவனின் முகம் அது. காரணத்தைப் பின்னர் அவருடைய தாயார் கூறியே அறிந்தோம். சவூதியில் அண்ணன் வேலை முடித்து அறைக்குத் திரும்ப இரவு ஒன்பது மணி ஆகும். இங்கே அப்போது பதினொன்றரை. அண்ணனும் தம்பியும் பேசிச் சிரிக்கும் ஒரே இடம் அந்த ஆட்டமாகவே இருந்திருக்கிறது. ஃபஜ்ர் தவறியது குற்றம்தான், அதில் ஐயமில்லை. ஆனால் குற்றத்தை மட்டும் கண்ட நாம், அதன் பின்னால் இருந்த ஏக்கத்தைக் காணத் தவறிவிட்டோம். அந்தச் சிறுவர்தான் இன்று நம்முன் அமர்ந்து கேள்வி கேட்டவர்.

எனவே இம்முறை அவசரப்படாமல், இக்கேள்வியின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கலாம் என்று எண்ணினோம். ஓர் ஆட்டம் சலிப்பதும், மனிதர் வேறொன்றைத் தேடுவதும் இன்று தோன்றியவை அல்ல.

நம் நாட்டில் பிறந்த சதுரங்கம் பாரசீகத்துக்குச் சென்று ‘சத்ரங்’ ஆயிற்று. பாரசீகம் இஸ்லாமிய ஆட்சியின்கீழ் வந்தபின் அரபு மொழியில் ‘ஷத்ரஞ்ச்’ ஆயிற்று. அப்பாஸிய கலீஃபாக்களின் பக்தாதில் அதற்கெனத் தனிநூல்களே எழுந்தன. ஏறத்தாழ கி.பி. 840-இல் அல்-அத்லீ ஒரு நூல் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் அபூபக்ர் அஸ்-ஸூலீ, கலீஃபா முக்தஃபீயின் அவையில் நிகரற்ற ஆட்டக்காரராக விளங்கினார். அவர் விட்டுச்சென்ற ஒரு புதிருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்தே விடை கிடைத்தது.

அந்த ஆட்டத்துக்கும் சலிப்பு என்னும் நோய் இருந்தது. அன்றைய ஷத்ரஞ்சில் இன்றைய ராணியின் இடத்தில் இருந்த ‘ஃபிர்ஸான்’ குறுக்காக ஒரு கட்டம் மட்டுமே நகரும். இதனால் ஆட்டத்தின் தொடக்கம் ஆமை நடையாக இருந்தது. பொறுமையிழந்த ஆட்டக்காரர்கள், காய்களை முன்கூட்டியே ஒரு குறிப்பிட்ட நிலையில் அடுக்கிவைத்து, அங்கிருந்து ஆடத் தொடங்கினர். அந்நிலைகளுக்குத் ‘தஅபியா’ என்று பெயர். பின்னர், ஏறத்தாழ 1475-ஐ ஒட்டி, ஐரோப்பாவில் விதியே மாறியது. ஒரு கட்டம் நகர்ந்த காய் பலகை முழுவதும் பாயும் ராணியாயிற்று. சலிப்பு அந்த ஆட்டத்தை அழிக்கவில்லை, மாற்றியமைத்தது.

மார்க்க அறிஞர்கள் இதை எவ்வாறு நோக்கினர் என்பதும் அறியத்தக்கது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபில், சூதும் தொழுகைத் தவறலும் கலவாதவரை சதுரங்கம் ஹராம் அன்று. விரும்பத்தகாதது என்ற அளவில் நிற்கிறது. நம் பகுதியில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் நிலை அதைவிடக் கடுமையானது. பகடை உருட்டும் ‘நர்து’ ஆட்டத்தையோ நபி (ஸல்) அவர்களே வன்மையாகக் கண்டித்துள்ளார்கள். இங்கே பெரியவர்கள் தம்மையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பொதுமுடக்கத்தில் பிள்ளைகளின் பப்ஜியைப் பழித்த நம்மில் எத்தனை பேர், அதே கூடத்தில் அமர்ந்து கைபேசியில் ‘லூடோ’ப் பகடையை உருட்டிக்கொண்டிருந்தோம்?

விளையாட்டை முற்றாக மறுத்ததும் இல்லை நம் மார்க்கம். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி கொண்டு விளையாடியதை அனுமதித்தார்கள். அன்னையாரும் அதைக் காணச் செய்தார்கள். ஆட்டம் உண்டு, அதற்கு எல்லையும் உண்டு.

இனி இணையத்துக்கு வருவோம். பலர் ஒரே நேரத்தில் கணினி வழியே கூடி விளையாடும் உலகங்களின் மூதாதை, 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் தொடங்க, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற மாணவர் தொடர்ந்தார். அதன் பெயர் ‘மட்’. படம் கிடையாது, எழுத்து மட்டுமே. “நீங்கள் ஒரு குறுகிய பாதையில் நிற்கிறீர்கள்” என்பது போல் திரை எழுத்தில் சொல்லும். ஆடுபவர் எழுத்திலேயே பதில் கொடுப்பார். பல்கலைக்கழகக் கணினி பகலில் படிப்புக்கு வேண்டும் என்பதால், வெளியிலிருந்து ஆட வந்தோருக்கு நள்ளிரவுக்குப் பிந்தைய நேரமே ஒதுக்கப்பட்டது. உறக்கத்தைத் தின்னும் பழக்கம் இந்தக் குடும்பத்துக்குப் பிறவியிலேயே வந்தது போலும்!

1997-இல் ‘அல்டிமா ஆன்லைன்’, 1999-இல் ‘எவர்குவெஸ்ட்’, 2004-இல் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்று படங்களோடு கூடிய உலகங்கள் வந்தன. கடைசியாகச் சொன்னது 2010-இல் ஒரு கோடியே இருபது இலட்சம் சந்தாதாரர்களைக் கொண்டிருந்தது. பின்னர் அதுவும் சரிந்தது. இத்தகைய ஆட்டங்களில் ஒருவர் விலகினால் அவருடைய தோழருக்கும் அங்கே வேலையில்லாமல் போகிறது. கூட்டம் கூட்டத்தை அழைத்தது போலவே, வெறுமை வெறுமையை வளர்க்கிறது.

நம் ஊர்களிலும் இதன் சிறு வடிவத்தைக் கண்டோம். 2000-க்குப் பின் பிரவுசிங் சென்டர்களில் பிள்ளைகள் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’ ஆடினர். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் சரிந்தது. ஆட்டம் கடையிலிருந்து சட்டைப் பைக்கு இடம்பெயர்ந்தது. 2018-இல் பப்ஜி கைபேசிக்கு வந்தது. நூறு பேர் ஒரு தீவில் இறங்குவர். கடைசிவரை நிற்பவருக்கே வெற்றி. நால்வர் ஓர் அணி. ஓர் ஆட்டம் அரைமணி நேரம்வரை நீளும். இடையில் எழுந்தால் மற்ற மூவரையும் கைவிட்டதாகும். பாங்கொலி கேட்டும் பிள்ளை எழாததற்கு, அவருடைய ஈமானின் குறைவை மட்டும் காரணம் காட்டினோம். அவரை எழவிடாமல் ஆட்டமே அவ்வாறு வடிவமைக்கப்பட்டிருந்ததை நாம் அறியவில்லை.

தடைகள் என்ன செய்தன? பப்ஜி போனதும் பிள்ளைகள் ‘ஃப்ரீ ஃபயர்’ பக்கம் சென்றனர். 2021 ஜூலையில் பப்ஜியே ‘பி.ஜி.எம்.ஐ.’ என்ற பெயரில் திரும்பியது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 28-இல் பி.ஜி.எம்.ஐ. கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட் தொடங்கியதும் அதே நாள்தான். ஒரு புதிய ஆட்டம் விடைபெற, ஒரு பழைய ஆட்டம் உலகைத் தமிழ்நாட்டுக்கு அழைத்து வந்தது! 2023 மே மாதத்தில் பி.ஜி.எம்.ஐ. மறுபடியும் வந்தது, இம்முறை பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் என்ற வரம்போடு. தென்கொரியாவும் 2011 முதல் பதினாறு வயதுக்குட்பட்டோரை நள்ளிரவு முதல் காலை ஆறு மணிவரை ஆடவிடாமல் சட்டத்தால் தடுத்து, பத்தாண்டுகளுக்குப் பின் அச்சட்டத்தைக் கைவிட்டது. பூட்டு தேவைதான். ஆனால் பூட்டு மட்டும் பிள்ளையை வளர்ப்பதில்லை.

பணம் கட்டி ஆடும் ஆட்டங்களின் நிலை வேறு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவற்றைத் தடை செய்து சட்டம் இயற்றியது. திருக்குர்ஆன் மைசிரைத் தடுத்த காரணங்களை, அதாவது பகைமையும் இறைநினைவை விட்டுத் திருப்புதலும், அறிந்தவருக்கு இதில் வியப்பில்லை. காசு கொடுத்து, உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் திறக்கும் ‘லூட் பாக்ஸ்’களையும் 2018-இலேயே பெல்ஜியம் சூதாட்டமாக அறிவித்தது. பெற்றோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

மட் ஆட்டத்தை உருவாக்கிய பார்ட்டில், 1996-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆட வருவோர் நால்வகையினர் என்பது அவர் கண்டது: உயர்நிலை அடைய விரும்புவோர், உலகைச் சுற்றிப் பார்க்க விரும்புவோர், பிறரை வீழ்த்த விரும்புவோர், பிறரோடு பேசிப் பழக விரும்புவோர். இதை அந்த மாணவரிடம் சொல்லி, “நீங்கள் இதில் யார்?” என்று கேட்டோம். அவர் உடனே, “கடைசி வகை, ஹஜ்ரத். சுடுவது எனக்கு எப்போதுமே சரியாக வராது, அண்ணன்தான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார்” என்றார். அப்படியானால் அவருக்குச் சலித்தது துப்பாக்கி ஆட்டம் மட்டுமே. அண்ணனின் தோழமை சலிக்கவில்லை. அது சலிக்கவும் கூடாது.

பிரிவு நம் பகுதிக்குப் புதியதன்று. தோல் வணிகத்துக்காகச் சென்னை பெரியமேட்டில் தங்கிய தலைமுறை ஒன்று இருந்தது. கடல் கடந்தோரும் உண்டு. அவர்கள் கடிதத்தால் உறவைக் காத்தனர். இன்றைய பிள்ளைகள் கையில் இருப்பது கைபேசி. உறவைப் பேணுவது நம் மார்க்கத்தில் கடமை எனில், அதற்கான வழியைச் சீர்செய்து தருவதும் பெரியவர்களின் பொறுப்பே.

ஆகவே அவருக்கு நாம் எந்த ஆட்டத்தின் பெயரையும் சொல்லவில்லை. நான்கு அளவுகோல்களைச் சொன்னோம். பாங்கு கேட்டதும் யாருக்கும் இழப்பின்றி நிறுத்த முடிய வேண்டும். காசும் அதிர்ஷ்டமும் கலக்கக் கூடாது. அண்ணனின் நேரமும் தம்பியின் நேரமும் ஒத்துவராதபோதும் தொடர முடிய வேண்டும். ஆடி முடித்தபின் மனம் இளகியிருக்க வேண்டும், எரிச்சல் மிஞ்சக் கூடாது.

இரு வாரங்கள் கழித்து வந்தார். ‘மைன்கிராஃப்ட்’ என்ற ஆட்டத்தில் இருவரும் கட்டங்களை அடுக்கி ஒரு வீடு கட்டுகிறார்களாம். இரவு அண்ணன் சுவர் எழுப்பி வைத்தால், மறுநாள் மாலை தம்பி கூரை போடுகிறார். யாரும் யாருக்காகவும் விழித்திருக்க வேண்டியதில்லை. “அண்ணன் முதலில் கட்டியது எது தெரியுமா, ஹஜ்ரத்? அம்மா உட்காரும் வாசல் திண்ணை” என்றார்.

அவரை அன்று ஃபஜ்ர் ஜமாஅத்தில் கண்டிருந்தோம். 2020-இல் நாம் அவசரப்பட்டுச் சொன்ன சொல்லுக்காக அவரிடம் வருத்தம் தெரிவித்தோம். அவர் சிரித்தார். அந்த நாளை அவர் மறந்திருந்தார், நாம்தான் மறக்கவில்லை.

நம் பிள்ளைகளின் ஓய்வு நேரத்தையும் உறவுகளையும் அல்லாஹ் பயனுள்ளவையாக ஆக்கி அருள்வானாக. ஆமீன்.