தீருவில் கிடைக்காத கூலி: தீர்க்கதரிசனமும் தேவனின் இறையாண்மையும்

தீர்க்கதரிசனம் கிறிஸ்தவ நம்பிக்கையை உறுதிப்படுத்துவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் எளியது: தேவன் முன்னறிவித்தார், சொன்னபடியே நடந்தது, ஆகவே வரலாறு அவர் கையில் இருக்கிறது. இந்த எண்ணத்தில்தான் ஒருபுறம் முன்னறிவிப்பும் மறுபுறம் நிறைவேற்றமுமாக அட்டவணைகள் போடப்படுகின்றன. அவற்றில் தீரு பட்டணத்துக்கு நிலையான இடம் உண்டு. ஆனால் எசேக்கியேலின் புத்தகத்தை இடைவிடாமல் வாசித்தால், தீருவைக் குறித்த வாக்கு அந்தக் கட்டங்களுக்குள் அடங்க மறுக்கிறது. அது அடங்காத இடமே இறையாண்மை மீதான நம்பிக்கைக்கு உறுதியான ஆதாரம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

26ஆம் அதிகாரம் எருசலேம் விழுந்த காலத்தை, ஏறத்தாழ கி.மு. 587-586ஐ, ஒட்டியது. பாபிலோனின் அரசன் நேபுகாத்நேச்சார் குதிரைகளோடும் இரதங்களோடும் வந்து முற்றுகையிடுவான், மதில்கள் இடிபடும், வணிகச் சரக்குகள் கொள்ளைபோகும் என்கிறது அது. முற்றுகை 13 ஆண்டுகள் நீடித்ததாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். முடிவில் தீரு பாபிலோனின் மேலாண்மைக்கு உட்பட்டது. ஆனால் அந்தத் தீவு நகரம் சூறையாடப்படவில்லை. இதை முதலில் எழுதிவைத்தவர் பிற்கால விமர்சகர் எவருமல்லர், எசேக்கியேலே. கி.மு. 571ஐச் சேர்ந்த 29:17-20, இந்நூலில் நாள் குறிக்கப்பட்ட வாக்குகளுள் காலத்தால் கடைசியானது. சுமை சுமந்து வீரர்களின் தலை மொட்டையாயிற்று, தோள்பட்டை தோலுரிந்தது, ஆயினும் அரசனுக்கோ சேனைக்கோ தீருவில் கூலி கிடைக்கவில்லை என்று அது ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. அந்தக் கூலிக்கு ஈடாக எகிப்தைக் கொடுப்பதாகக் கர்த்தர் அறிவிக்கிறார்.

இந்த இடத்தில் அலெக்சாந்தரைத் துணைக்கு அழைப்பது வழக்கம். கி.மு. 332இல் அவர் கரையோர நகரின் இடிபாடுகளைக் கடலில் கொட்டிப் பாதை அமைத்து, ஏழு மாதத்தில் தீவைப் பிடித்தது உண்மைதான். தீர்ப்பு கடைசியில் வந்துசேர்ந்தது என்று சொல்ல அது உதவலாம். எசேக்கியேலோ அலெக்சாந்தருக்காகக் காத்திருக்கவில்லை. தம் நாளிலேயே, தம் பெயரிலேயே கணக்கைத் திறந்து காட்டினார். தீர்க்கதரிசனங்கள் யாவும் நிகழ்வுக்குப் பின் புனையப்பட்டவை என்னும் ஐயத்துக்கும் இதில் விடை இருக்கிறது. முற்றுகையின் முடிவை அறிந்து எழுதுகிறவர் 26ஆம் அதிகாரத்தை இப்படி எழுதியிருக்கமாட்டார். எழுதியிருந்ததைத் திருத்தவும் முதல் வாக்கை நீக்கவும் வாய்ப்பிருந்தும், தொகுத்தவர்கள் இரண்டையும் அருகருகே விட்டுவைத்தார்கள். நம்பிக்கை ஆட்டங்கண்ட சமூகம் இதைச் செய்யத் துணியாது.

பாபிலோனில் கேபார் ஆற்றங்கரையில் சிறைப்பட்டிருந்த யூதரை அலைக்கழித்த கேள்வி, உலகை ஆள்பவர் கர்த்தரா, பாபிலோனின் தெய்வமான மர்தூக்கா என்பதே. நேபுகாத்நேச்சார் நினைத்ததையெல்லாம் சாதித்திருந்தால், அந்தக் கேள்விக்கு அவனுடைய வெற்றியே விடையாகத் தோன்றியிருக்கும். 29ஆம் அதிகாரத்திலோ அந்தப் பேரரசன், வேலைக்கு ஏற்ற ஊதியம் பெறாமல் நிற்கும் கூலியாள். ஊதியம் தருவது யார் என்பதை அவன் அறியான். எகிப்தைக் குறித்த அடுத்த வாக்கும் நேர்கோட்டில் நிறைவேறியதாகச் சொல்ல முடியாது. நேபுகாத்நேச்சாரின் 37ஆம் ஆண்டில் எகிப்துக்கு எதிராக நடந்த படையெடுப்பைச் சிதைந்த பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று குறிப்பிடுகிறது. ஆனால் எகிப்தின் அரசர் அமாசிஸ் அதன் பின்னும் பல்லாண்டு ஆண்டார், எகிப்தைக் கைப்பற்றியது கி.மு. 525இல் பாரசீகரே. ஆகவே தீர்க்கதரிசி முன்வைக்கும் இறையாண்மையைக் கால அட்டவணையின் துல்லியத்தால் அளக்க முடியாது. பேரரசர்களும் பிறருக்கு உழைப்பவர்களே என்று வெளிப்படுத்துவதுதான் அதன் பணி.

அப்படியானால் எந்த வாக்கையும் தோற்காததாக்கிவிடலாமே என்பது நியாயமான ஆட்சேபம். மனந்திரும்புதலைக் காரணம் காட்டி இதைத் தீருவுக்குப் பொருத்தமாகத் தீர்க்கவும் வழியில்லை. தீரு மனந்திரும்பியதாக வேதத்தில் குறிப்பில்லை. ஆயினும் வாக்கு விதியைப் போன்றதல்ல என்பதை யூதாவின் மூப்பர்கள் அறிந்திருந்தார்கள். எரேமியாவைக் கொல்லத் துடித்த கூட்டத்தின் முன், ஏறக்குறைய நூறாண்டுக்கு முன் மீகா சொன்னதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள் (எரேமியா 26). எருசலேம் மண்மேடாகும் என்றார் மீகா, யூதாவின் அரசன் எசேக்கியா கர்த்தருக்குப் பயந்து அவரை நோக்கி விண்ணப்பம்பண்ணினான், தீங்கு விலகிற்று. எனினும் மீகாவைப் பொய்யரென்று எவரும் சொல்லவில்லை. நிறைவேறாத அவருடைய வாக்கே இன்னொரு தீர்க்கதரிசியின் உயிரைக் காக்கும் சான்றாயிற்று. தாம் அறிவித்த தீர்ப்பைத் தாமே நிறுத்தும் அதிகாரம் இறையாண்மைக்குள் அடங்கியது. அது இல்லாத தேவன் தம் சொல்லுக்கே கைதியாவார்.

ஆனால் இந்தச் சுதந்தரம் எல்லா வாக்குக்கும் ஒரே அளவில் சலுகை தருவதில்லை. பாபிலோனின் நுகம் இரண்டு ஆண்டில் முறியும் என்று தீர்க்கதரிசி அனனியா அறிவித்தபோது, சமாதானத்தை அறிவிக்கும் தீர்க்கதரிசியை நிறைவேற்றத்தால்தான் அறிய வேண்டும் என்று எரேமியா பதிலளித்தார் (28:9). கேட்பவரின் ஆசைக்கு இணங்கிப் பேசும் வாக்கின் மீதே சோதனையின் முழுப் பாரமும் விழுகிறது. உபாகமம் 18:22 சொல்லும் அளவுகோல் கூர்மையாக வெட்டுவதும் அங்கேதான். இரண்டு ஆண்டுகள் கடந்தன, நுகம் முறியவில்லை, எருசலேமே எரிந்தது. அனனியாவின் சொற்கள் இன்று நமக்குக் கிடைப்பது எரேமியாவின் புத்தகத்துக்குள்ளேதான்.