கச்சோரிக் கடன் முதல் கடன் அட்டை வரை

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜஹாங்கீர் ஆட்சிக்கால ஆக்ராவில், வியாபாரத்தில் கைப்பொருளை இழந்த ஓர் இளைஞர் தங்கியிருந்தார். ஜௌன்பூரில் பிறந்த சமண வணிகர், பெயர் பனாரசிதாஸ். பகலில் கடைத்தெருவுக்குப் போக முகமில்லை. இரவில் மதுமாலதி, மிருகாவதி ஆகிய காதற்கதைகளை வாசிப்பார். கேட்கப் பத்திருபது பேர் வருவார்கள். அவர்களில் ஒருவர் கச்சோரி விற்பவர். அவரிடமே நாள்தோறும் கடனுக்குக் கச்சோரி வாங்கி உண்டு இளைஞர் உயிர் வளர்த்தார். ஒரு நாள் மனம் பொறுக்காமல் அவரைத் தனியே அழைத்து, 'கடன் மிகுந்துவிட்டது, இனிமேல் கொடுக்காதீர். என்னிடம் ஒன்றுமில்லை' என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். கச்சோரிக்காரரோ, இருபது ரூபாய் வரை தாராளமாக உண்ணலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று தேற்றி அனுப்பினார். பின்னாளில் அந்தக் கணக்கு தீர்க்கப்பட்டது. 1641ஆம் ஆண்டில் பனாரசிதாஸ் செய்யுளில் எழுதிய 'அர்த்தகதானக்' என்னும் தன்வரலாற்றில் இது பதிவாகியிருக்கிறது.

இந்திய இலக்கியத்தில் எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான கடன் வரம்பு இதுதான். தொகை முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது, ஈடு கேட்கப்படவில்லை, கடன் வாங்குபவரின் நிலைமை கொடுப்பவருக்குத் தெரியும். வட்டி பற்றிய பேச்சே இல்லை.

இந்தக் கதை நினைவுக்கு வரக் காரணம், சென்ற வாரம் எங்கள் துறையின் இளைய ஆய்வாளர் ஒருவர் கேட்ட கேள்வி. 'அக்கா, மூன்று வங்கிக்காரர்கள் அட்டை தருகிறேன் என்கிறார்கள். எதை வாங்கலாம்?' மூன்று துண்டறிக்கைகளையும் மேசைமேல் பரப்பினார். விமான நிலைய ஓய்வறை, திரைப்படச் சீட்டில் தள்ளுபடி, நூறு ரூபாய் செலவுக்கு இத்தனை புள்ளி என்று எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தன. வட்டி விகிதத்தை அச்சிட்டிருந்த எழுத்தைப் படிக்க என் மூக்குக்கண்ணாடி போதவில்லை. அவருடைய உதவித்தொகை மாதந்தோறும் வருவதில்லை. பல மாதம் வராமலிருந்து பிறகு ஒரேயடியாக வரும். ஆய்வு மாணவர் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நான் பதில் சொல்வதற்குப் பதிலாக வரலாறு சொல்லத் தொடங்கினேன். அதையே இங்கு விரித்து எழுதுகிறேன்.

கௌடலீயரின் அர்த்தசாஸ்திரம் மூன்றாம் அதிகரணத்தில் வட்டி விகிதங்களை வகுத்துரைக்கிறது. நூறு பணத்துக்கு மாதம் ஒன்றேகால் பணம் அறத்துக்கு இசைந்த வட்டி. வணிகக் கடனுக்கு ஐந்து. காடு கடந்து செல்லும் வணிகர்க்குப் பத்து. கடலோடிகளுக்கு இருபது. இதற்கு மேல் வாங்கினாலும் வாங்கச் செய்தாலும் தண்டம். அதற்குச் சாட்சியாக நின்றவனுக்குப் பாதித் தண்டம். பணம் திரும்பாமற்போகும் ஆபத்து எவ்வளவோ அவ்வளவு வட்டி என்ற கணக்கு இதில் துலக்கமாக இருக்கிறது. இன்றைய கடன் அட்டை எந்த ஈடும் இன்றித் தரப்படும் கடன். ஆகவே அதன் வட்டி வீட்டுக்கடன் வட்டியைவிட உயர்ந்திருப்பதில் வியப்பில்லை. இந்தியாவில் பெரும்பாலான அட்டைகளின் வட்டி மாதம் மூன்றிலிருந்து மூன்றே முக்கால் விழுக்காடு வரை செல்கிறது. கௌடலீயர் அளவையில் இது அற வட்டிக்கும் வணிக வட்டிக்கும் நடுவே விழும். ஆனால் அவர் வணிகருக்கு ஐந்து பணம் வைத்தது, அந்தப் பணம் சரக்காக மாறி இலாபம் ஈட்டும் என்பதால். கைப்பேசி வாங்கியவனுக்கு அந்தக் கைப்பேசி இலாபம் தருவதில்லை.

அதே பகுதியில் இன்னொரு விதி உண்டு. நீண்ட வேள்வியில் ஈடுபட்டவன், நோயாளி, குருகுலத்தில் தங்கிப் பயில்பவன், சிறுவன், வறியவன் ஆகியோர் மீது கடன் வளரக் கூடாது. உதவித்தொகைக்குக் காத்திருக்கும் ஆய்வாளர்கள் குருகுலவாசிகளில் சேர்வார்களா என்று எந்த வங்கியிடமும் கேட்டுப் பார்க்கும் துணிவு எனக்கு இதுவரை வரவில்லை.

தர்மசாஸ்திர மரபில் வட்டியின் விகிதத்துக்கு மட்டுமன்றி அதன் மொத்தத்துக்கும் எல்லை இருந்தது. ஒரே நேரத்தில் வசூலிக்கும் வட்டி அசலை மிஞ்சக் கூடாது. மேற்கிந்தியாவில் இவ்விதி 'தாம்துபட்' என வழங்கியது. ஆங்கிலேய அரசு 1855இல் வட்டி உச்சவரம்புச் சட்டங்களை நீக்கி, ஒப்பந்தத்தில் எழுதியதே வட்டி என்றாக்கியது. பம்பாய் மாகாணத்தில் இந்துக்களிடையே தாம்துபட் ஓரளவு தாக்குப்பிடித்தது. ஆனால் சாகுகாரர்கள் அதைக் கடக்க எளிய வழி கண்டிருந்தார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை பழைய அசலையும் வட்டியையும் கூட்டிப் புதுப்பத்திரம் எழுதி வாங்கினால் வட்டி முழுவதும் அசலாகிவிடும். உழவனுக்கு எழுத்துத் தெரியாது, கைநாட்டு வைப்பான்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இந்தியப் பருத்தியின் விலை ஏறியது. கடனும் தாராளமாகக் கிடைத்தது. 1865இல் போர் முடிந்தது, விலை சரிந்தது. அதன் பிறகு நிலவரியும் உயர்த்தப்பட்டது. சாகுகாரர்கள் புதுக்கடனை நிறுத்திப் பழைய கடனுக்கு வழக்குத் தொடர்ந்தார்கள். 1875 மே 12 அன்று புனே மாவட்டத்துச் சூபா என்னும் சந்தை ஊரில் உழவர்கள் சாகுகாரர் வீடுகளைச் சூழ்ந்து கொண்டார்கள். கலகம் அகமதுநகர் மாவட்டத்துக்கும் பரவியது. ஆய்ந்த விசாரணைக் குழு ஒன்றைத் திரும்பத் திரும்பக் குறிப்பிடுகிறது: கூட்டத்தின் நோக்கம் கடன் பத்திரங்களைக் கைப்பற்றி எரிப்பது. பத்திரத்தைக் கொடுத்துவிட்ட இடங்களில் பெரும்பாலும் மேற்கொண்டு வன்முறை இல்லை. தம்மால் படிக்க இயலாத காகிதத்தின் மேல்தான் அவர்களுக்குக் கோபம்.

1879ஆம் ஆண்டின் தக்காண உழவர் கடன் நிவாரணச் சட்டம் அந்தக் காகிதத்தைத்தான் குறிவைத்தது. பத்திரத்தில் உள்ள தொகையை அப்படியே ஏற்காமல், கடன் தொடங்கிய நாள் முதல் கணக்கைப் பிரித்துப் பார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் வந்தது. உழவன் எழுதும் பத்திரம் கிராமப் பதிவாளர் முன்னிலையில் எழுதப்பட வேண்டும். கட்டிய பணத்துக்கு இரசீது உண்டு. ஆண்டுக் கணக்கு கேட்டுப் பெறலாம். சட்டம் முழு வெற்றி பெற்றது என்று நான் சொல்ல மாட்டேன். சாகுகாரர்கள் கடனைக் கிரயம் என்று எழுதி வாங்கத் தலைப்பட்டார்கள். எனினும் 'கையெழுத்திட்டாய், ஆகவே கட்டு' என்பதோடு நீதி முடிந்துவிடாது என்ற கொள்கை இங்கு நிலைபெற்றது. சென்னை மாகாணத்தில் இராஜாஜி அமைச்சரவை 1938இல் கொண்டுவந்த உழவர் கடன் நிவாரணச் சட்டமும் இதே வழியில் வந்தது: பழைய கடனுக்கு அசலைப் போல் இருமடங்கு கட்டியிருந்தால் கடன் முழுவதும் தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது.

இனி அட்டைக்கு வருவோம். 1961இல் டைனர்ஸ் கிளப் இந்தியாவுக்கு வந்தது. அது செல்வர்களின் பொருள். மாத முடிவில் முழுத் தொகையும் கட்டியாக வேண்டும். வங்கி அட்டையை இங்கு முதலில் வெளியிட்டது சென்ட்ரல் பேங்க் ஆப் இந்தியா, 1980இல். மறு ஆண்டு ஆந்திரா வங்கி. அட்டை நடுத்தர வர்க்கத்தின் பணப்பைக்குள் நுழைந்தது தொண்ணூறுகளில்தான். 2024 தொடக்கத்தில் புழக்கத்திலிருந்த அட்டைகள் பத்துக் கோடியைத் தாண்டின.

முழுத் தொகை கட்டும் அட்டைக்கும், ஒரு பகுதி கட்டி மீதியைத் தள்ளிப்போடும் அட்டைக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. இரண்டாவது வகையின் பிறப்பிடம் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரம். 1958 செப்டம்பரில் பேங்க் ஆப் அமெரிக்கா அங்கே அறுபதாயிரம் பேருக்கு, கேட்காமலே, அட்டைகளை அஞ்சலில் அனுப்பி வைத்தது. முதலில் பெருநட்டம், பின்னர் உலகெங்கும் பின்பற்றப்பட்ட தொழில்முறை. அந்த வாடிக்கையாளர் எவர் வீட்டிலும் பணம் திரும்புமா என்று வங்கிக்குத் தெரியாது. கச்சோரிக்காரருக்குத் தெரிந்தது வங்கிக்குத் தெரியவில்லை. நம் நாட்டில் அந்த இடத்தை நிரப்ப 2000இல் சிபில் நிறுவனம் வந்தது. இன்று முந்நூறு முதல் தொள்ளாயிரம் வரையிலான ஓர் எண் நம் நாணயத்தைச் சொல்கிறது.

அப்படியானால் தக்காணச் சட்டத்தின் கொள்கை என்னவாயிற்று? வட்டி மிகை என்று சொல்லி வங்கிக் கடனை நீதிமன்றம் மறுபரிசீலனை செய்யக் கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21ஏ பிரிவு 1984இல் நடைமுறைக்கு வந்தது. 2008 ஜூலையில் தேசிய நுகர்வோர் ஆணையம், தவணை தவறிய அட்டைக்காரரிடம் ஆண்டுக்கு முப்பது விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. பதினாறு ஆண்டு கழித்து, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது; வட்டியை ஒழுங்குபடுத்துவது ரிசர்வ் வங்கியின் வேலை என்றது. சட்ட நோக்கில் அது சரியாக இருக்கலாம். வரலாற்று மாணவி என்ற முறையில் எனக்குத் தோன்றுவது, நாம் மீண்டும் 1855க்கு அருகில் வந்து நிற்கிறோம் என்பதே. ஒரு வேறுபாடு உண்டு: நமக்கு எழுத்துத் தெரியும்.

எழுத்துத் தெரிந்தும் என்ன பயன் என்பதற்கு நானே சான்று. ஆய்வுக்காகப் புனே வந்த முதலாண்டில் அட்டை ஒன்று வாங்கி, எட்டு மாதம் 'குறைந்தபட்சத் தொகை' மட்டுமே கட்டிவந்தேன். கடன் ஒழுங்காக அடைகிறது என்றே நம்பினேன். கணக்கு இதுதான். ஐம்பதாயிரம் ரூபாய் பாக்கி, மாத வட்டி மூன்றரை விழுக்காடு என்று கொள்வோம். வட்டி 1,750 ரூபாய். வட்டியின் மேல் பதினெட்டு விழுக்காடு ஜி.எஸ்.டி. 315 ரூபாய். குறைந்தபட்சத் தொகை ஐந்து விழுக்காடு, அதாவது 2,500 ரூபாய். அதைக் கட்டினால் அசலில் குறைவது 435 ரூபாய். அதோடு, பாக்கி வைத்தவுடன் வட்டியில்லாக் காலம் போய்விடும்; புதிதாக வாங்கும் அரிசி பருப்புக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஒன்றுமே கட்டாமல், வட்டிக்கு வட்டி ஏறினால் மூன்றரை விழுக்காட்டில் கடன் இரட்டிக்க இருபது மாதம் போதும். தாம்துபட் எல்லை அங்கேயே வந்துவிடுகிறது.

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட அட்டை விதிமுறைகளைப் படித்தபோது 1879 நினைவுக்கு வந்தது. கேட்காமல் அட்டை தரக் கூடாது. தந்து கட்டணமும் விதித்தால் அதைத் திருப்பி, அதைப்போல் இருமடங்கு தண்டமும் கட்ட வேண்டும். கட்டப்படாத கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து அவற்றுக்கு வட்டி போடக் கூடாது; சாகுகாரரின் புதுப்பத்திரத் தந்திரத்துக்கு இது நூற்றைம்பது ஆண்டு தாமதமான விடை. பாக்கியில்லாத அட்டையை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ஐந்நூறு ரூபாய் நமக்கு.

ஆகவே அந்தத் தம்பியிடம் நான் கேட்ட முதல் கேள்வி ஓய்வறை பற்றியதன்று. 'மாதந்தோறும் முழுத் தொகையும் கட்ட உன்னால் முடியுமா?' முடியும் என்பவருக்கு வட்டி விகிதம் பொருட்டே இல்லை; ஆண்டுக் கட்டணத்தையும், தாம் உண்மையில் செலவழிக்கும் இடத்தில் என்ன திரும்பக் கிடைக்கிறது என்பதையும் பார்த்தால் போதும். முடியாது என்பவருக்குப் புள்ளிகள் எல்லாம் பொருளற்றவை. ஒரு விழுக்காடு புள்ளி பெற்று மூன்றரை விழுக்காடு வட்டி கட்டுவது வணிகமாகாது. அவருக்கு வேண்டியது ஆண்டுக் கட்டணமில்லாத, சிறிய வரம்புள்ள அட்டை. அல்லது அட்டையே வேண்டாம். வருமானச் சான்று இல்லாத மாணவருக்கு நிரந்தர வைப்பின் பேரில் அட்டை தரும் வங்கிகள் உண்டு. அதில் வரம்பு நம் சொந்தப் பணத்தின் அளவிலேயே நிற்கும். அட்டையால் ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பது கடலோடிக் கடன். கட்டணமும் உண்டு, முதல் நாளிலிருந்தே வட்டியும் உண்டு. தேநீர்க் கடையில் ஸ்கேன் செய்து கட்ட விரும்புபவர் ரூபே அட்டை கேட்கலாம். 2022 முதல் அதை யு.பி.ஐ.யோடு இணைக்க முடிகிறது. கணக்கு முடியும் தேதியை ஒருமுறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமையும் உண்டு. பணம் வரும் நாளை அறிந்தவர்க்கு அது பயன்படும். எங்கள் உதவித்தொகைக்கு எந்தத் தேதியும் பொருந்தாது.

தம்பி மூன்று துண்டறிக்கைகளையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு தயங்கி, 'அக்கா, இந்த மாத மெஸ் பணத்துக்கு இரண்டாயிரம் கிடைக்குமா, உதவித்தொகை வந்ததும் தந்துவிடுகிறேன்' என்றார். கொடுத்தேன். ஐயாயிரம் வரை கேட்கலாம் என்றும் சொல்லி வைத்தேன்.