கோப்பைக்குப் பிறகு வந்த முதல் ஆட்டம்



ஹாக்கி என்றால் நமக்குத் தயான்சந்த், 1975 கோலாலம்பூர் உலகக் கோப்பை, 1980 மாஸ்கோவில் நம் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் வாங்கிய தங்கம் என்றுதான் நினைவு ஓடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹாக்கி என்றால் அது ஐஸ் ஹாக்கி. பனிக்கட்டித் தரையில் ஸ்கேட் கட்டிக்கொண்டு, பந்துக்குப் பதில் ரப்பர் வட்டை அடிக்கும் ஆட்டம். அங்குள்ள தேசிய ஹாக்கி லீக்கில் வெல்லும் அணிக்கு ஸ்டான்லி கோப்பை கிடைக்கும். அடுத்த சீசன் தொடங்கும்போது, சாம்பியன் அணி சொந்த அரங்கில் ஆடும் முதல் ஆட்டத்துக்கு முன் கூரையில் ஒரு வெற்றிப் பதாகையை ஏற்றுவது வழக்கம். அந்த மாலை ஒரு ரசிகனுக்கு என்ன அர்த்தம் என்பதை நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் கதையில் பார்க்கலாம்.

1926-ல் தொடங்கிய அணி அது. 1928, 1933, 1940 என்று மூன்று முறை கோப்பையை வென்றது. அதன் பிறகு 54 ஆண்டுகள் ஒன்றுமில்லை. 1940-ல் பத்து வயதில் கைதட்டிய சிறுவன், அடுத்த வெற்றியைப் பார்க்க 64 வயதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய என் வயது!

இந்த வறட்சிக்கு ரசிகர்கள் ஒரு காரணம் சொல்வார்கள். வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த கதை. அணியின் சொந்த அரங்கான மேடிசன் ஸ்கொயர் கார்டனின் அடமானக் கடன் தீர்ந்ததும், நிர்வாகத்தினர் மகிழ்ச்சியில் அந்தப் பத்திரத்தை ஸ்டான்லி கோப்பைக்குள்ளேயே போட்டுக் கொளுத்தினார்களாம். அந்தச் சாபம்தான் அணியைப் பிடித்துக்கொண்டது என்பார்கள். கடன் தீர்ந்தால் பத்திரத்தை வாங்கி பீரோவில் பத்திரமாக வைத்தோமா, வந்தோமா என்றிருக்க வேண்டாமோ?

பக்கத்து லாங் ஐலண்டில் 1972-ல் ஐலண்டர்ஸ் என்ற புதிய அணி வந்தது. 1980 முதல் 1983 வரை வரிசையாக நான்கு கோப்பைகளை அள்ளியது. அவர்களுடைய ரசிகர்கள் ரேஞ்சர்ஸைப் பார்த்தால் ‘1940, 1940’ என்று கூட்டமாகக் கோஷம் போடுவார்கள். வெறும் ஆண்டுக் கணக்கே வசவாகிவிட்டது.

1994 ஜூன் 14 அன்று அந்தக் கணக்கு தீர்ந்தது. கேப்டன் மார்க் மெஸ்ஸியே தலைமையில், வான்கூவர் அணிக்கு எதிரான ஏழாவது, கடைசி ஆட்டத்தை ரேஞ்சர்ஸ் 3-2 என்று வென்றது. ‘இனி நான் நிம்மதியாகச் சாகலாம்’ என்று எழுதிய அட்டையை ஒரு ரசிகர் அரங்கில் தூக்கிப் பிடித்தார். ஜூன் 17 அன்று பிராட்வேயில் ஊர்வலம் நடந்தது.

பிறகு நடந்ததுதான் வேதனை. கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் மைக் கீனன், போனஸ் உரிய தேதியில் வரவில்லை என்று சொல்லி ஜூலையிலேயே விலகி, செயின்ட் லூயிஸ் அணிக்குப் போய்விட்டார். அக்டோபரில் சீசன் தொடங்க வேண்டிய நேரத்தில் லீக்கே கதவடைப்பு செய்தது. சம்பள உயர்வுக்குக் கடிவாளம் வேண்டும் என்றார்கள் அணி உரிமையாளர்கள். வீரர்கள் சங்கம் இணங்கவில்லை. தொழிற்சங்கப் பேச்சுவார்த்தைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரு தரப்புக்கும் நியாயம் இருக்கும். ஆனால் மேசையில் ரசிகனுக்கு நாற்காலி கிடையாது. 54 ஆண்டு காத்திருந்தவனை இன்னும் மூன்றரை மாதம் காக்க வைத்தார்கள். ஜனவரியில்தான் உடன்பாடு வந்தது. ஓர் அணிக்கு 84 ஆட்டங்கள் இருக்க வேண்டிய சீசன் 48 ஆகச் சுருங்கியது.

1995 ஜனவரி 20. பதாகை ஏறியது. எதிரணி பஃபலோ சேபர்ஸ். ரேஞ்சர்ஸ் 2-1 என்று தோற்றது.

இந்தத் தோல்வியை நான் துரதிர்ஷ்டம் என்று எண்ணவில்லை. காமர்ஸ் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். லாப நஷ்டக் கணக்கு ஒவ்வோர் ஆண்டும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். போன ஆண்டு எவ்வளவு லாபம் வந்திருந்தாலும் புது ஆண்டின் முதல் பக்கம் காலிதான். ஆனால் அந்த லாபம் காணாமல் போவதில்லை. ஐந்தொகையில் காப்பு நிதியாக நின்றுவிடும். கூரையில் ஏறிய பதாகை அந்தக் காப்பு நிதி. கீழே ஸ்கோர் பலகையில் 0-0 என்று இருந்தது புதிய ஆண்டின் முதல் பக்கம். ரசிகன் இரண்டையும் ஒரே மாலையில் பார்க்கிறான். மேலே பார்த்தால் நிறைவு, கீழே பார்த்தால் பழைய பதற்றம்.

இன்னொன்றும் உண்டு. அரை நூற்றாண்டாக அந்த ரசிகனுக்குக் காத்திருப்பதே வேலையாக இருந்தது. ஆசைப்பட்டது கிடைத்த பின் எதற்காக அரங்குக்கு வருவது? ஓய்வு பெற்ற மறுநாள் காலை எழுந்து உட்கார்ந்த எல்லோருக்கும் இந்தக் கேள்வி தெரியும். 2-1 தோல்வி அதற்குப் பதில் சொல்லிவிட்டது. கவலைப்பட மறுபடியும் ஓர் ஆட்டம் கிடைத்தது.

அந்த சீசனில் ரேஞ்சர்ஸ் 22 வெற்றி, 23 தோல்வி, 3 சமநிலையுடன் தன் பிரிவில் எட்டாவதாகத் தட்டுத்தடுமாறி உள்ளே நுழைந்தது. முதல் சுற்றில் பிரிவின் முதலிடத்தில் இருந்த க்யூபெக் அணியைச் சாய்த்தது. அடுத்த சுற்றில் ஃபிலடெல்ஃபியாவிடம் நான்கு ஆட்டங்களையும் இழந்தது. 2014-ல் இறுதிவரை சென்று லாஸ் ஏஞ்சல்ஸிடம் தோற்றது. 2025 வரையிலும் ஐந்தாவது கோப்பை வரவில்லை. ஆனால் ‘1940’ என்ற கோஷத்துக்கு இப்போது பொருளில்லை.

நம் குடியிருப்பிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க நியூஜெர்சி, நியூயார்க் பக்கம் போகிறவர்கள் வாய்ப்புக் கிடைத்தால் அந்த அரங்குக்கு ஒருமுறை போய்வாருங்கள். ஆட்டம் புரியாவிட்டாலும் பரவாயில்லை. அண்ணாந்து பார்த்து, 1940 பதாகையையும் 1994 பதாகையையும் தேடிப் பிடியுங்கள். இடையில் உள்ள 54 ஆண்டுகளைப் பேரப் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லலாம்.