தில்லிப் பெண்களும் சத்து மாத்திரைகளும்: வெயில், காற்று, நேரம் குறித்த ஒரு விவாதம்

எய்ம்ஸ் மருத்துவமனையின் ரவீந்தர் கோஸ்வாமியும் அவருடைய குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று தில்லியில் வாழும் ஆரோக்கியமான மனிதர்களின் ரத்தத்தில் வைட்டமின் டி எவ்வளவு இருக்கிறது என்று அளந்தது. படைவீரர்கள், மருத்துவர்கள், செவிலியர்கள், கர்ப்பிணிகள், பிறந்த குழந்தைகள் எனப் பல பிரிவினர் அதில் இருந்தனர். நாள் முழுக்க வெயிலில் நின்ற படைவீரர்களிடம்தான் அளவு ஓரளவுக்கேனும் இருந்தது. உணவைப் பற்றியும் உடலைப் பற்றியும் எல்லாம் அறிந்த மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் கடுமையான பற்றாக்குறை. வைட்டமின் டி பற்றிப் படைவீரர்கள் மருத்துவர்களைவிட அதிகம் படித்திருக்க மாட்டார்கள். அவர்களை வெயிலில் நிறுத்தியது அவர்களுடைய வேலை. மருத்துவர்களை நிழலில் வைத்ததும் அவர்களுடைய வேலைதான்.

பெண்களின் சத்துக்குறையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த உண்மையைத் தாண்டிப் போய்விடுகிறது. ‘நேரத்துக்குச் சாப்பிடுங்கள், கீரை சேர்த்துக்கொள்ளுங்கள், காலையில் நடங்கள், போதாவிட்டால் ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்’ என்ற அறிவுரை, குறையைப் பெண்ணின் பழக்கத்தில் கண்டு அவளிடமே தீர்வையும் விட்டுவிடுகிறது. தில்லியிலிருந்து கிடைக்கும் சான்றுகள் வேறொரு முடிவுக்கு இட்டுச் செல்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். அங்குள்ள பெண்ணின் ரத்தத்தில் காணும் குறை, அந்த நகரம் அவளுக்கு ஒதுக்கும் வெயிலும் காற்றும் நேரமும் போதாமையால் விளைவது. மாத்திரை அதைச் சில காலம் ஈடுகட்டும். பரிசோதனையும் தொடர்ச்சியும் இல்லாத இடத்தில் அதையும் சரியாகச் செய்யாது.

ரத்தசோகையில் தொடங்கலாம். 2019–21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. அதே வயது ஆண்களில் 25 விழுக்காடு. முந்தைய ஆய்வில் பெண்களின் பங்கு 53 விழுக்காடாக இருந்தது. ஐந்தாம் ஆய்வில் தில்லிப் பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேர். நாட்டின் தலைநகரம், தலைசிறந்த அரசு மருத்துவமனைகள் இருக்கும் ஊர். அங்கேயே இரண்டு பெண்களில் ஒருத்திக்கு இந்த நிலை. கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரை தரும் தேசியத் திட்டம் 1970-இலேயே தொடங்கிவிட்டது. ஆண்டுக்கு மூன்று புள்ளிகள் வீதம் ரத்தசோகையைக் குறைக்கும் இலக்குடன் 2018-இல் ‘அனீமியா முக்த் பாரத்’ வந்தது. மாத்திரை இல்லாத குறையாக இருந்தால் அரை நூற்றாண்டில் தீர்ந்திருக்க வேண்டும்.

மாத்திரையின் மீது நமக்கு இவ்வளவு நம்பிக்கை வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு, அதற்கு இந்திய மண்ணிலேயே ஒரு தொடக்கமும் உண்டு. 1928-இல் பம்பாய்க்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகளுக்கு வந்த கொடிய ரத்தசோகையை ஆராய்ந்தார். இடையில் குன்னூர் பாஸ்டர் ஆய்வகத்திலும் பணிபுரிந்தார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அந்தப் பெண்களை மீட்பதைக் கண்டார். ‘வில்ஸ் காரணி’ என்று அழைக்கப்பட்ட அந்தப் பொருள்தான் 1940-களில் ஃபோலிக் அமிலமாக இனங்காணப்பட்டது. கருவுறுவதற்கு முன்பே அதை எடுத்துக்கொண்டால் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாடுகள் பெருமளவு தவிர்க்கப்படும் என்று பிரிட்டன் தலைமையில் ஏழு நாடுகளில் நடந்த பரிசோதனை 1991-இல் நிறுவியது. பெண்களுக்கான துணைச்சத்துகளில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட ஒன்றைச் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

வில்ஸ் பார்த்த நோயாளிகள் யார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். வறிய வீடுகளில், மோசமான உணவில் காலம் கழித்த பெண்கள் அவர்கள். மார்மைட் ரத்தத்தைச் சரிசெய்தது. அவர்களுடைய அடுப்பையும் வீட்டையும் அது தொடவில்லை. இந்த இடைவெளியை நம் நாட்டில் மிகத் தெளிவாகக் கண்டவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். குன்னூரில் தொடங்கி ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்த ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநராகவும், பின்னர் தில்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் இருந்த அவர், 1980-இல் தில்லியில் இந்திய ஊட்டச்சத்து அறக்கட்டளையை நிறுவினார். குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ-யைப் பெரிய அளவில் ஒரே தவணையாகக் கொடுக்கும் முறை அவர் காலத்தில் ஐதராபாத்தில்தான் சோதிக்கப்பட்டது. அதே கோபாலன், அவசரத்துக்கு வந்த அந்த முறை நிரந்தர வழக்கமாக நீடிப்பதைப் பின்னாளில் எதிர்த்து எழுதினார். உணவு மேம்படும் வரைக்கும்தான் மருந்து என்பது அவர் நிலைப்பாடு. மாத்திரையை ஒதுக்குபவர்களும் மாத்திரையே போதும் என்பவர்களும் இந்த நிலைப்பாட்டின் ஒரு பாதியை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள்.

இனி மாத்திரை ஒரு வீட்டுக்குள் போனபின் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். கர்ப்பிணிக்கு அரசு தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல். சிலருக்கு மலச்சிக்கல். மலம் கறுத்து வரும். இது இயல்பு என்று யாரும் சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள். காலை டீயோடு போட்டால் தேயிலையின் டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் மாத்திரையும் கூடவே கொடுத்திருப்பார்கள். இரண்டையும் மறந்துவிடாமல் இருக்க ஒன்றாகவே விழுங்குவது வழக்கம். கால்சியம் இரும்பை உட்செல்ல விடாது என்பதால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நாடு முழுவதும் 180 நாளும் மாத்திரை உண்டதாகச் சொன்ன தாய்மார்கள் 26 விழுக்காடுதான் என்பதை இந்தப் பின்னணியில் படித்தால் வியப்பு வராது. மாத்திரைப் பட்டையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய ஐந்து நிமிடப் பேச்சு கொடுக்கப்படுவதில்லை.

உடலின் கணக்கும் ஒன்று இருக்கிறது. கல்லீரலில் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் நுழையும் வாசலைக் காக்கிறது. ஒரு மாத்திரை இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் உயர்ந்து ஏறத்தாழ ஒரு நாள் வரை அந்த வாசலை இறுக்கிவிடுகிறது. இரும்பு குறைந்த இளம்பெண்களிடம் சூரிக் நகரின் இ.டி.எச். ஆய்வாளர்கள் 2015-இலும் 2017-இலும் நடத்திய ஆய்வுகள், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் கொடுத்த இரும்பில் உறிஞ்சப்படும் பங்கு கூடுவதைக் காட்டின. கர்ப்பிணிகள் இதைப் படித்துத் தாங்களாக அளவை மாற்றிக்கொள்ளக் கூடாது. ஆனால் அதிகம் விழுங்கினால் அதிகம் சேரும் என்ற எண்ணம் தவறு என்பது இதிலிருந்து உறுதி.

இந்த ஹெப்சிடின் தில்லியின் காற்றோடும் தொடர்புடையது. உடலில் அழற்சி ஏற்பட்டால் ஹெப்சிடின் உயரும். நுண்துகள் மாசு அழற்சியைத் தூண்டும். ஐ.ஐ.டி. தில்லியின் சாக்னிக் டே குழுவினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளின் அளவு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது பெண்களிடையே ரத்தசோகை சராசரியாக 7 விழுக்காடு கூடுவதாகக் கணக்கிட்டனர். இது மாவட்ட அளவிலான தொடர்பு. தனியொரு பெண்ணின் ரத்தசோகைக்குப் புகைதான் காரணம் என்று இதைக் கொண்டு தீர்ப்பெழுத முடியாது. ஆயினும் அந்த நுண்துகளின் ஆண்டுச் சராசரி இந்தியத் தரநிலையான 40 மைக்ரோகிராமைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும் நகரில், இரும்பு மாத்திரை ஏன் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று கேட்கும்போது இந்தச் சாத்தியத்தை ஒதுக்கிவைப்பது நேர்மையாகாது.

புகை வெயிலையும் மறைக்கிறது. தில்லியின் பரபரப்பான மோரி கேட் பகுதியிலும் அப்போது காற்று தெளிவாக இருந்த குர்கானிலும் வாழ்ந்த சிறு குழந்தைகளை ஒப்பிட்ட 2002-ஆம் ஆண்டு ஆய்வில், மோரி கேட் குழந்தைகளின் வைட்டமின் டி அளவு மற்றவர்களின் அளவில் பாதிகூட இல்லை. பற்றாக்குறை கண்டவர்களுக்கு வாரம் ஒருமுறை பாலில் கலந்து குடிக்கும் 60,000 அலகுப் பொட்டலம் தில்லியின் எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது. எட்டு வாரம் இதைக் கொடுத்துப் பார்த்த கோஸ்வாமி குழுவினர், அளவு நன்றாக ஏறியதையும், ஓராண்டு கழித்துப் பார்த்தபோது திரும்பவும் இறங்கிவிட்டதையும் 2008-இல் பதிவு செய்தனர். பெண் அதே வீட்டிலும் அதே வேலையிலும் இருந்தால் ரத்தமும் அதே அளவுக்குத்தான் திரும்பும். வாரம் ஒன்று என்பதை நாள் ஒன்று என்று புரிந்துகொண்டு குடித்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மேற்கத்திய ஆய்வுகளைக் காட்டி வைட்டமின் டி கொடுப்பதன் பயனையே மறுப்பவர்கள் இருக்கிறார்கள். 2022-இல் வெளியான அமெரிக்காவின் ‘வைட்டல்’ ஆய்வு, ஆரோக்கியமான நடுத்தர, முதிய வயதினருக்கு வைட்டமின் டி கொடுப்பதால் எலும்பு முறிவு குறையவில்லை என்று கண்டது உண்மை. அதில் பங்கேற்றோரில் பெரும்பாலோருக்குத் தொடக்கத்திலேயே போதுமான அளவு இருந்தது. நிறைந்தவர்களிடம் கண்ட முடிவைக் குறைந்தவர்கள் மீது ஏற்றக் கூடாது. அதே நியாயப்படி, குறைந்தவர்களுக்குக் கிடைக்கும் பலனைச் சொல்லி நிறைந்தவர்களிடம் விற்பதும் தவறு.

விற்பனையில் நடப்பது அதுதான். கூந்தலுக்குப் பயோட்டின் மிட்டாய், சருமத்துக்குக் கொலாஜன் பொடி, பெண்களுக்கென்றே இளஞ்சிவப்பு டப்பாவில் பல்சத்து மாத்திரை. மிட்டாய் வடிவில் வருபவற்றில், தில்லிப் பெண்ணுக்கு மிகவும் தேவையான இரும்பு பெரும்பாலும் இருப்பதேயில்லை. அதிக அளவுப் பயோட்டின், தைராய்டு பரிசோதனைகள் சிலவற்றின் முடிவைப் பொய்யாக்கும். ஆய்வகத்துக்குப் போகும் பெண்ணிடம் இதை விற்றவர் சொல்வதில்லை. தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016-ஆம் ஆண்டு விதிகள் இவற்றை உணவாகவே கருதுகின்றன. மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று லேபிளில் அச்சிட வேண்டும். மருந்துக்கு உள்ளதுபோல, பலனை நோயாளிகளிடம் நிரூபித்த பிறகே விற்பனை என்ற நிபந்தனை இல்லை. ஆக, வசதியுள்ள பெண் தேவையற்றதைக் காசு கொடுத்து வாங்குகிறாள். வசதியற்ற பெண் தேவையானதை இலவசமாகப் பெற்றும் உட்கொள்ள முடியாமல் இருக்கிறாள். இருவரிடமும் யாரும் ரத்தத்தைப் பார்த்துவிட்டுப் பேசவில்லை.

பரிசோதனையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ரத்தசோகை என்றாலே இரும்புக் குறைவு என்ற வழக்கமான சமன்பாடு தளர்ந்துவிட்டது. 2016–18-இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு விரலில் குத்தாமல் சிரையிலிருந்து ரத்தம் எடுத்தது. ரத்தசோகை உள்ள வளரிளம் பருவத்தினரில், ஃபோலேட் அல்லது பி12 குறைவு இரும்புக் குறைவுக்கு நிகரான காரணமாக அதில் வெளிப்பட்டது. முட்டையும் மீனும் சேர்க்காத வீடுகள் மிகுந்த தில்லியில் பி12 முக்கியமானது. பி12 குறைந்த பெண்ணுக்கு இரும்பை மட்டும் ஆண்டுக்கணக்கில் கொடுத்தால் அவளுடைய களைப்பு போகாது; மாத்திரையின் மீதான நம்பிக்கைதான் போகும்.

பழக்கத்தால் ஒன்றுமே ஆகாதா என்றால், ஆகும். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் தாவர உணவின் இரும்பு கூடுதலாக உறிஞ்சப்படும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்கீரை தேடும் தமிழ்ப் பெண்களுக்கு இதெல்லாம் பாட்டி காலத்து அறிவு. ஆனால் பழக்கத்துக்கு நேரம் வேண்டும். 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமற்ற வீட்டுவேலை செய்யும் பெண் நாளுக்கு 289 நிமிடமும், அதைச் செய்யும் ஆண் 88 நிமிடமும் செலவிடுவதாகத் தெரிந்தது.

அந்த நேரம் எப்படிப் பறிபோகிறது என்று அறிய, தில்லி ஜங்புராவில் பாரபுல்லா வாய்க்கால் கரையில் இருந்த மதராசி கேம்ப்பை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள். பெண்கள் பலர் பக்கத்துக் குடியிருப்புகளில் வீட்டுவேலை செய்தவர்கள். 2025 ஜூன் 1 அன்று அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. தகுதியுள்ளவர்கள் என்று ஏற்கப்பட்டவர்களுக்கு நகரின் வடகோடியில் நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். வேலை ஜங்புராவிலேயே இருக்க, வீடு நரேலாவுக்குப் போனால், பெண் காலை உணவை விடுவாள். பஸ்ஸில் பல மணி நேரம் போகும். வேலை பார்க்கும் வீட்டில் கிடைக்கும் டீயே முதல் ஆகாரமாகும். மாத்திரையை எந்தச் சாப்பாட்டுக்குப் பின் போடுவாள்? அவளுடைய ஹீமோகுளோபினை நிர்ணயிக்கும் முடிவுகளில் அந்த மறுகுடியமர்த்தல் ஆணையும் ஒன்று. நகரத் திட்டமிடுபவர்கள் இதைச் சுகாதாரத் துறையின் விஷயம் என்று தள்ளிவிட இடமில்லை.

உடனே செய்யக்கூடியது ஒன்று பள்ளிகளில் இருக்கிறது. தில்லி அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஒரே கட்டடத்தில் காலை ஷிப்டு பெண்களுக்கு, மாலை ஷிப்டு ஆண்களுக்கு. வாரம் ஒருமுறை நீல நிற இரும்பு மாத்திரை வகுப்பிலேயே தரும் திட்டமும் உள்ளது. வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிர் தில்லியில் முற்பகல் பதினொன்றிலிருந்து பிற்பகல் இரண்டு வரைதான் போதிய அளவு விழும். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்து இளவெயிலில் அது மிகக் குறைவு. நண்பகல் தாண்டி மணி அடித்ததும் மாணவிகள் வீட்டுக்குப் போகிறார்கள். வீட்டில் தம்பி தங்கையும் அடுப்பும் காத்திருக்கும். பள்ளி மாணவிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு வைட்டமின் டி போதவில்லை என்று 2008-இல் வெளியான தில்லி ஆய்வு கண்டபோது, வசதியான பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. கோடையின் உச்சத்தைத் தவிர்த்து, விளையாட்டுப் பாடவேளையைக் காலை ஷிப்டின் கடைசிக்கு மாற்ற ஒரு சுற்றறிக்கை போதும். அதே வாரத்தில், நீல மாத்திரை பெறும் மாணவிகளின் ரத்தத்தை ஒருமுறை பார்த்து, இரும்பு யாருக்கு, பி12 யாருக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். நவம்பர் மாதத்தில் மாசு முற்றி, வெளியில் விளையாடத் தடை வரும்போது இந்த ஏற்பாடும் நின்றுபோகும். மாசைத் தீர்க்கப் பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேசம், தில்லி, மத்திய அரசு ஆகிய அனைத்தும் ஒன்றாக உட்கார வேண்டியிருக்கும். சுற்றறிக்கைக்கு யாரும் உட்காரக் காத்திருக்க வேண்டியதில்லை.