பரமார்த்த குரு கதையின் பழைய அச்சுப்படங்கள்

ஐரோப்பாவின் பழைய அச்சுப்படங்களில் ஈசாப் கதைகளுக்கும் லா ஃபோந்தேன் கதைகளுக்கும் உள்ள இடம் பெரிது. அந்த வரிசையில் தமிழ்நாட்டுக் கதை ஒன்றும் இரண்டு முறை சேர்ந்தது. 1861-இல் லண்டனில் மரச்செதுக்குப் படங்களோடும், 1872-இல் பாரிஸில் செப்புத்தகட்டுப் படங்களோடும் வெளிவந்த அது, பரமார்த்த குரு கதை.

கதையை எழுதியவர் வீரமாமுனிவர். இத்தாலியின் கஸ்திலியோனே ஊரில் 1680-இல் பிறந்த சேசு சபைத் துறவி இவர். ஐரோப்பாவிலிருந்து வரும் பாதிரிமார் பேச்சுத் தமிழை விரைவில் கற்க வேண்டும் என்பதற்காக, 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இதைப் பயிற்சிப் பாடமாக எழுதி, கூடவே லத்தீனிலும் பெயர்த்துவைத்தார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். அவர்களுக்கு ஏற்ற குரு. எட்டுக் கதைகளையும் அவரே கற்பனை செய்தாரா, ஊரில் கேட்டதைத் தொகுத்தாரா என்ற விவாதம் பழையது. தன்னை விட்டுவிட்டு ஆளெண்ணி ஒருவன் குறைகிறான் என்று அழும் கதை இங்கிலாந்தின் கோதம் ஊர்க் கதைகளிலும் உண்டு. ஆனாலும் களம் முழுக்கத் தமிழ்நாடுதான்.

முதல் கதை ஆறு கடப்பது. ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையை நீரில் வைக்கிறான் ஒரு சீடன். சுர்ரென்று புகைகிறது, ஆறு விழித்திருக்கிறது என்று பயந்து திரும்புகிறான். பிறகு அணைந்த அதே கட்டையை வைக்கச் சத்தமில்லை, ஆறு தூங்கிவிட்டதாம். பாலம் இல்லாத காலத்தில் ஆறு கடப்பது விளையாட்டான காரியம் இல்லை. மணலூர்பேட்டையில் தென்பெண்ணை அப்படிப்பட்ட ஆறு. தை 5-ஆம் நாள் திருவண்ணாமலை அருணாசலேசுவரர் தீர்த்தவாரிக்கு எழுந்தருள, ஆற்றுத் திருவிழாக் கூட்டம் மணலில் பரவி நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் மேற்கே மழை கொட்டினால் அதே மணல் வெள்ளத்துக்குள் போய்விடும். ஆறு விழிக்கும், தூங்கும் என்ற எண்ணம் இப்படிப்பட்ட கரையில் பிறந்தால் வியப்பில்லை.

குதிரை பிடிக்கும் கதையின் களமும் இப்பகுதிக்கு அந்நியமல்ல. ஐயனார் கோயில் மண்குதிரையின் நிழல் நீரில் தெரிகிறது. தலைப்பாகைத் துணியைக் கயிறாக்கி, அரிவாளைத் தூண்டில் முள்ளாக்கி, சோற்று மூட்டையை இரையாகக் கட்டிச் சீடர்கள் அந்தக் குதிரைக்குத் தூண்டில் போடுகிறார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கத்து ஊர்ப்புறங்களில் இப்படிப்பட்ட மண்குதிரைகளை இன்றும் பார்க்கலாம்.

வெகுகாலம் ஏட்டிலும் கைப்பிரதியிலுமே இருந்த இந்தக் கதையை 1822-இல் லண்டனில் அச்சேற்றியவர் பெஞ்சமின் கை பாபிங்டன். சென்னையில் கம்பெனி உத்தியோகம் பார்த்து, உடல்நலம் குன்றி ஊர் திரும்பி, பின்னர் மருத்துவரானவர். தொண்டையை உள்நோக்கிப் பார்க்கும் கண்ணாடிக் கருவியை அமைத்தவராக மருத்துவ வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது. தமிழ் மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, சொல்லடைவு மூன்றும் கொண்ட அந்த நூல் மொழி பயில்வோருக்கானது. நான்கு ஆண்டு கழித்து, தென்னிந்தியாவில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்து திரும்பிய துபுவா பாதிரியார், பஞ்சதந்திரத்தோடு பரமார்த்த குருவையும் பிரெஞ்சில் வெளியிட்டார். அதே 1826-இல்தான் சென்னையில் தாண்டவராய முதலியாரின் தமிழ்ப் பஞ்சதந்திரமும் வந்தது.

படம் போட்டு விற்கலாம் என்று துணிந்தது லண்டனின் டிரூப்னர் நிறுவனம். 1861-இல் வந்த அதன் பதிப்பில் சீடர்கள் நூடில், டூடில், வைஸ்ஏக்கர், ஸேனி, ஃபூசில் ஆகிவிட்டார்கள். மரக்கட்டையில் வரைந்த ஐம்பது படங்கள் என்று தலைப்பே விளம்பரம் செய்தது. வரைந்தவர் ஆல்ஃபிரட் குரோக்வில். இயற்பெயர் ஆல்ஃபிரட் ஹென்றி ஃபாரஸ்டர். பஞ்ச் இதழின் தொடக்க காலத்துக் கேலிச்சித்திரக்காரர்களில் ஒருவரான அவரிடம் இதே நிறுவனம் மன்ச்சௌசன் பிரபுவின் புளுகுக் கதைகளையும் வரையக் கொடுத்திருந்தது. பரமார்த்த குருவை அது எந்த வரிசையில் வைத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பாரிஸ் பதிப்பு துபுவாவின் பழைய மொழிபெயர்ப்பையே எடுத்துக்கொண்டது. லியோன்ஸ் பெத்தி அதற்குப் பதின்மூன்று படங்கள் செய்தார். பிரெஞ்சு நாட்டுப்புறத்து மனிதர்களை வேடிக்கையாக வரைந்து பெயரெடுத்தவர் அவர். மண்குதிரையும் கோயில் குளமும் இரண்டு ஓவியருக்கும் பழகிய காட்சிகள் அல்ல. மடத்தனமும் குருபக்தியும் எந்த ஊரிலும் உண்டு என்பதால் கதை தாங்கிக்கொண்டது. நேர் எதிர்த்திசையிலும் இப்படி நடந்ததுண்டு. 1830-களின் பிற்பாதியில் லா ஃபோந்தேன் கதைகளை லாகூர் ஓவியர் இமாம் பக்ஷ் வரைந்தார். அவை பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தன.

இரு பதிப்புகளின் படங்களும் செய்முறையில் வேறானவை. மரச்செதுக்கில், கெட்டியான பாக்ஸ் மரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பில் படம் வரைந்து, வெள்ளையாக வரவேண்டிய இடத்தையெல்லாம் செதுக்கி எடுப்பார்கள். மிஞ்சி நிற்கும் மேட்டில் மை படியும். எழுத்துக் கோப்புகளுக்கு நடுவிலேயே கட்டையைப் பூட்டி ஒரே அழுத்தத்தில் அச்சடிக்கலாம். செப்புத்தகட்டில் முறை தலைகீழ். தகட்டில் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மையை நிரப்பி, ஈரக் காகிதத்தை வைத்து உருளையால் அழுத்தி எடுப்பார்கள். இதை எழுத்தோடு சேர்த்து அடிக்க முடியாது. தனித்தாளாகவே அச்சிட்டு நூலில் சேர்க்க வேண்டும்.

அதனால்தான் இப்படிப்பட்ட நூல்கள் பிரிந்தால் செப்புத்தகட்டுப் படங்கள் தனியே சட்டமேறி விலைபோகின்றன. வாங்குபவர் முதலில் பார்ப்பது விளிம்பை: தாளை வெட்டாமல் இருந்தால் படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளக் கோடு தெரியும், விரலால் தடவினால் மை லேசாக மேடு தட்டும். எழுத்தோடு சேர்த்து அடித்த மரச்செதுக்குப் படம் என்றால் தாளைத் திருப்பினாலே போதும், பின்பக்கத்தில் கதையின் அடுத்த பத்தி ஓடிக்கொண்டிருக்கும்.