ஓர் ஆட்டம், நாற்பது ரன்: ஜானி முல்லாவும் முதல்தரக் கணக்கும்

ஜானி முல்லாவின் முதல்தர கிரிக்கெட் வரலாறு ஒற்றை வரியில் அடங்கிவிடும். விக்டோரியா காலனி அணிக்காக ஓர் ஆட்டம், 4, 36, ஆக மொத்தம் 40 ரன். 1879 மார்ச்சில் மெல்போர்னில், லார்ட் ஹாரிஸ் தலைமையில் வந்த ஆங்கில அணியை எதிர்த்து ஆடியது அது. இரண்டாம் இன்னிங்ஸில் விக்டோரியா தரப்பில் அவரே அதிக ரன் எடுத்தார். அப்போது முப்பத்தைந்தைத் தாண்டிய வயது. இந்த ஒரு வரியை நம்பி அவரைச் சில நாள் வந்துபோன ஆட்டக்காரர் வரிசையில் சேர்ப்பது பிழை என்பதே இங்கு என் வாதம்.

ஆஸ்திரேலியத் தொல்குடியினரான முல்லாவின் இயற்பெயர் உனாரிமின். விக்டோரியாவின் மேற்கே ஹாரோ ஊரை ஒட்டிய முல்லா என்னும் ஆட்டுப்பண்ணையின் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது. 1868-ல் சார்லஸ் லாரன்ஸ் இங்கிலாந்துக்கு அழைத்துச்சென்ற தொல்குடி அணி 47 ஆட்டங்கள் ஆடியது; 14 வெற்றி, 14 தோல்வி, மற்றவை டிரா. அவற்றுள் 45-ல் முல்லா இறங்கி 1,698 ரன் குவித்தார், 245 விக்கெட் வீழ்த்தினார். அந்த ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் எம்.சி.சி. 164 எடுக்க, தொல்குடி அணி 185 எடுத்து முந்தியது; அதில் 75 முல்லாவுடையது. இரண்டாம் இன்னிங்ஸில் 45-க்குச் சுருண்டு 55 ரன்னில் தோற்றார்கள். இவ்வளவும் முதல்தரப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது.

முதல்தரம் எது என்பதற்குப் பன்னாட்டு வரையறை 1947-ல்தான் வந்தது. அணிக்குப் பதினொருவர், குறைந்தது மூன்று நாள் என்பது விதி. முந்தைய ஆட்டங்களைச் சேர்ப்பதும் விடுப்பதும் பிற்காலப் புள்ளிவிவரக்காரர்களின் தீர்ப்பாயிற்று. முல்லாவோ 1891-லேயே இறந்துவிட்டார்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அக்காலத்தில் காலனிகளுக்கிடையிலான ஆட்டங்களே அரிது. 1873-ல் இங்கிலாந்திலிருந்து வந்த டபிள்யூ. ஜி. கிரேஸின் அணியோடு மோத விக்டோரியா பதினெட்டுப் பேரை இறக்கியது. அப்படிப்பட்ட ஆட்டங்கள் யாருடைய கணக்கிலும் ஏறா. ஆகவே வெள்ளையர் பலருக்கும் ஓரிரு ஆட்டமே மிஞ்சியது. உண்மைதான். ஆனால் 1868-ல் இங்கிலாந்து சென்றவர்களில் முதல்தர ஆட்டம் கண்ட இன்னொரு தொல்குடியினர் டூபென்னி. நியூ சவுத் வேல்ஸுக்காக அவருக்கும் கிடைத்தது ஒன்றே. இங்கிலாந்தில் முல்லா காட்டிய ஆட்டத்துக்குப் பிறகும் பத்தாண்டு இடைவெளி விழுந்ததற்கு, ஆட்டங்கள் அரிது என்பது மட்டும் விடையாகாது.

இதற்குப் பின்னணியாக இன்னொன்றும் நின்றது. 1869-ல் விக்டோரியா இயற்றிய தொல்குடியினர் பாதுகாப்புச் சட்டம், அவர்கள் எங்கே வசிக்கலாம், யாரிடம் வேலை செய்யலாம் என்பதை அரசு வாரியம் ஒன்றின் கையில் கொடுத்தது. பாதுகாப்பு என்று பெயர்! மெல்போர்ன் கிரிக்கெட் கிளப்பில் கொஞ்ச காலம் சம்பள ஆட்டக்காரராக இருந்த முல்லா, முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஹாரோவுக்கே திரும்பி, பண்ணை வேலை பார்த்தபடி ஊர் கிளப்புக்கு ஆடினார். 2020 முதல் மெல்போர்னில் நடக்கும் பாக்ஸிங் டே டெஸ்டின் சிறந்த ஆட்டக்காரருக்கு முல்லா பதக்கம் தருகிறார்கள். அவருடைய புள்ளிவிவரப் பக்கத்தில் 1868-ன் கணக்கையும் அருகிலேயே அச்சிடுவது அதைவிடப் பயனுள்ள திருத்தம்.